ஒரு கோடைப் பயணத்தில் ஆர்க்டிக் நிலத்தை எழுதிவிட முடியுமா? ஜீன் கிரெய்க்ஹெட் ஜார்ஜ் பற்றி ஒரு கேள்வி

மாடிநூலகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு நாவலைப் பகுதி பகுதியாகத் தமிழில் சொல்லி வருகிறேன். இப்போது சொல்லிக்கொண்டிருப்பது ஜீன் கிரெய்க்ஹெட் ஜார்ஜ் 1972-ல் எழுதிய 'ஜூலி ஆஃப் த வுல்வ்ஸ்'. அலாஸ்காவின் வடகோடியில், மரம் ஒன்றுகூட இல்லாத தூந்திரச் சமவெளியில் வழி தவறிப்போன மியாக்ஸ் (ஆங்கிலப் பெயர் ஜூலி) என்ற பதின்மூன்று வயதுப் பெண், பசியோடு ஒரு மண்மேட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, எதிரே தெரியும் ஓநாய்க் குடும்பத்தை உற்றுப் பார்க்கும் இடத்தில் கதை தொடங்குகிறது. அந்தப் பகுதியைச் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகளில் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் ஒரு சிறுமி, "இதை எழுதினவங்க அந்த ஊரிலேயே பிறந்தவங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குள் வந்து தேடிப் பார்த்தேன். ஜார்ஜ் பிறந்தது 1919-ல் வாஷிங்டன் நகரில் என்றும், இந்த நாவலுக்கு வித்தான அலாஸ்காப் பயணம் 1970 கோடையில் மேற்கொண்டது என்றும் அறிந்தபோது எனக்கே சற்று ஏமாற்றமாக இருந்தது. பனியின் வகைகளையும் ஓநாயின் காது அசைவையும் இவ்வளவு நெருக்கமாக எழுதியவர் அந்த நிலத்துக்கு விருந்தாளியாகப் போய் வந்தவர்தானா என்ற எண்ணம் மனத்தை விட்டு நீங்கவில்லை. அந்நிலத்தின் பூர்வகுடி மக்களில் பலர் இந்த நாவலை ஏற்பதில்லை என்றும் வாசித்தேன். ஆகவே இரண்டு ஐயங்கள். நிலத்தையும் விலங்குகளையும் பற்றி இந்நூல் சொல்வனவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? மக்களைப் பற்றிச் சொல்வதில் பிழை இருக்குமானால், அதைப் பிள்ளைகளிடம் எப்படி எடுத்துச் சொல்வது? பாதிக் கதையில் நிற்கிறேன், நிறுத்திவிட மனமில்லை.

ஓடைக்கரை எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அலாஸ்காவுக்குப் போனபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அந்தக் கோடைக்குள் அவர் எடுத்துச் சென்ற கண்கள் அதற்கு முன் அரை நூற்றாண்டாகப் பழக்கப்பட்டவை. ஆகவே 'ஒரு கோடைப் பயணம்' என்ற கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து.

அவருடைய தந்தை ஃபிராங்க் கிரெய்க்ஹெட், அமெரிக்க அரசின் வேளாண் துறையில் காட்டுப் பூச்சிகளை ஆராய்ந்தவர். விடுமுறை என்றால் பிள்ளைகள் மூவரையும் பொடோமாக் ஆற்றங்கரைக் காடுகளுக்கு அழைத்துச் சென்று, எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எந்தக் கீரையைத் தின்னலாம், மரக்கிளையின் கவட்டையிலிருந்து தூண்டில் முள் செய்வது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொடுத்தவர். ஜீனின் மூத்த அண்ணன்கள் ஃபிராங்க், ஜான் இருவரும் இரட்டையர்; பள்ளி வயதிலேயே செங்குத்தான பாறைகளில் ஏறிப் பருந்து, வல்லூறுக் கூடுகளைப் படம் எடுத்தவர்கள். 1937-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் அவர்கள் எழுதிய வேட்டைப் பறவைகள் பற்றிய கட்டுரையை வாசித்த பாவ்நகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தர்மகுமார்சிங்ஜி அவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டார். வல்லூறு பழக்கும் கலையில் அவரும் தேர்ந்தவர். அந்த நட்பின் பேரில் சகோதரர்கள் 1940-ல் இந்தியாவுக்கே வந்து அவரோடு தங்கிச் சென்றார்கள். இதே இரட்டையர்தாம் பின்னாளில் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிகளின் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி, அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து ஆராயும் முறைக்கு வழிவகுத்தார்கள். இப்படி ஒரு வீட்டின் கடைக்குட்டியாக வளர்ந்தவர் ஜீன்.

அவரே எழுதிய ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கப் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் அம்மாவிடம் போய், தான் வீட்டை விட்டுப் போகப்போவதாகவும், காட்டில் ஓர் அருவிக்கரையில் வாழப்போவதாகவும் அறிவித்தாராம். அம்மா தடுக்கவில்லை. பையைத் திறந்து, பல் துலக்கும் பிரஷும், போய்ச் சேர்ந்த பிறகு நலம் தெரிவிக்க ஓர் அஞ்சலட்டையும் இருக்கின்றனவா என்று பார்த்து, முத்தமிட்டு வழியனுப்பினாராம். நாற்பது நிமிடத்தில் பிள்ளை வீடு திரும்பிவிட்டது. அந்த நாற்பது நிமிடத்தை ஓராண்டாக நீட்டினால் என்ன ஆகும் என்பதுதான் 1959-ல் வெளியான 'மை சைட் ஆஃப் த மவுண்டன்'. நியூயார்க் நகரத்து நெரிசலான வீட்டிலிருந்து கிளம்பும் சாம் கிரிப்லி என்ற சிறுவன், கேட்ஸ்கில் மலையில் பூட்டனார் விட்டுச் சென்ற நிலத்தைக் கண்டுபிடித்து, ஒரு பெரிய ஹெம்லாக் மரத்தின் அடியைத் தீயிட்டும் குடைந்தும் வீடாக்கிக்கொண்டு, பைரி என்னும் வல்லூறு ஒன்றைக் குஞ்சிலிருந்தே பழக்கிக் குளிர்காலத்தைக் கடக்கிறான். பிள்ளைகளை வீட்டை விட்டு ஓடத் தூண்டும் நூல் என்று பதிப்பகத்தார் முதலில் தயங்கினார்கள். ஓடுவதானால் நகரத்தின் தெருக்களுக்கு ஓடுவதைவிடக் காட்டுக்கு ஓடுவது மேல் என்று பிறகு மனம் மாறினார்கள். வல்லூறைப் பழக்கும் பக்கங்களில் சொல்லப்படும் தோல்வார் கட்டு முதலான நுணுக்கங்கள் யாவும் அண்ணன்களோடு கூடவே இருந்து பார்த்தவை.

இடைக்காலத்தில் அவர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் செய்தியாளராகவும் வேலை செய்தார் என்பதையும் மறக்கக் கூடாது. பார்த்ததை அன்றே குறித்துக்கொள்ளும் பழக்கமும், தெரிந்தவரைத் தேடிப் போய்க் கேட்கும் பழக்கமும் அந்தத் தொழில் தந்தவையாகவே எனக்குப் படுகின்றன. நியூயார்க் மாநிலத்தில் சாப்பக்வா என்ற ஊரில் இருந்த அவருடைய வீட்டில் பிள்ளைகள் மூவரோடு ஆந்தை, காகம், ரக்கூன் என்று காட்டு உயிர்கள் 173 வெவ்வேறு காலங்களில் வளர்ந்திருக்கின்றன. எதையும் கட்டி வைக்கவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் பெரும்பாலானவை தாமே கிளம்பிப் போய்விடும்; போகவும் விட்டுவிடுவார்.

பனித்தடம் எழுதியது:

ஓடைக்கரை அவர்கள் சொன்னதற்குப் பிறகு, அந்த 1970 கோடையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஓநாய்களைப் பற்றி இதழ் ஒன்றுக்கு எழுதுவதற்காக, இளைய மகன் லூக்கை அழைத்துக்கொண்டு அவர் பாரோ என்ற ஊரிலிருந்த கடற்படையின் ஆர்க்டிக் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். அங்கே கூடங்களில் வைத்து ஓநாய்களை ஆராய்ந்துகொண்டிருந்த அறிவியலாளர்கள், உடல் நிலையாலும் முனகலாலும் பார்வையாலும் ஓநாய்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையை வகைப்படுத்தி வந்தார்கள். ஜார்ஜ் நாள்கணக்கில் உட்கார்ந்து கவனித்து, ஒரு பெண் ஓநாயிடம் அதன் முறையிலேயே முனகி, அதனிடமிருந்து மறுமொழியும் பெற்றதாக எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தின் இரண்டு காட்சிகள் தம் மனத்தை விட்டு அகலவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார்: பாரோவுக்கு வெளியே பரந்த தூந்திரத்தில் தன்னந்தனியாக நடந்துபோன ஒரு சின்னஞ்சிறு பெண், அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் தன் கூட்டத்தை நடத்திச் சென்ற ஓர் ஆண் ஓநாய். நாவலின் இரண்டு தூண்களும் இவைதாம்.

நூலின் முதல் பாகத்தை மெதுவாக வாசித்தால் அவர் முறை புரியும். மியாக்ஸ் ஓநாய்களிடம் சேர்வதற்கு வீரமோ மந்திரமோ காரணம் அல்ல. குட்டிகள் பெரிய ஓநாயிடம் எப்படித் தவழ்ந்து போகின்றன, எந்த வால் மேலே நிற்கிறது, எந்தக் காது பின்னால் சாய்கிறது என்று நாள்கணக்கில் பார்த்துப் பார்த்து, கைகால்களை ஊன்றித் தவழ்ந்து முயன்று, தோற்று, மறுபடியும் முயல்கிறாள். கடைசியில் தலைவன் அமரோக்கின் தாடைக்கு அடியில் கையால் தட்டுகிறாள். அது பணிவையும் அன்பையும் தெரிவிக்கும் செய்கை. அந்த ஒரு தொடுகையில் அவள் குடும்பத்தில் ஒருத்தியாகிவிடுகிறாள். ஆனாலும் வயிறு உடனே நிறைந்துவிடவில்லை. குட்டிகளுக்காக ஜெல்லோ என்ற ஓநாய் கக்கிக் கொடுக்கும் இறைச்சியில்தான் அவளுடைய முதல் உணவு கிடைக்கிறது. பிள்ளைகள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் வேட்டையாடித் திரும்பும் ஓநாயின் வாயைக் குட்டிகள் நக்குவதும், அது வயிற்றிலிருந்து உணவைத் திருப்பித் தருவதும் மெய்யான நடத்தைகள். தயங்காமல் சொல்லுங்கள்.

அவள் வழி தவறுவதற்கான காரணத்தைக் கவனித்தீர்களா? பாரோ, வட அட்சரேகை 71-ல் இருக்கிறது. அங்கே மே மாதம் 10-ஆம் தேதி வாக்கில் எழும் சூரியன், ஆகஸ்ட் தொடக்கம்வரை மறைவதில்லை. இரவு இல்லை என்றால் விண்மீன் இல்லை. விண்மீன் இல்லை என்றால் திசை இல்லை. தரையிலோ அடையாளம் சொல்ல மரமோ மலையோ இல்லை. வெளிச்சம் மிகுந்ததால் ஒருத்தி தொலைந்துபோகிறாள் என்பது அந்த நிலத்துக்கு மட்டுமே உரிய சிக்கல். வேறெந்த ஊரிலும் நடத்த முடியாத கதை அது. அவளை மீட்பதும் அதே நிலந்தான். பறவைகள் கூட்டமாகக் கடற்கரைப் பக்கம் பறக்கத் தொடங்குகின்றன, வானம் இருண்டு துருவ விண்மீன் தெரிகிறது, அவளும் நடக்கிறாள்.

ஒரு திருத்தமும் உண்டு. கூட்டத்தின் தலைமை ஓநாயைச் சண்டையிட்டு வென்ற 'ஆல்ஃபா' என்று அக்கால அறிவியல் கருதியது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்றும், ஆகவே அந்தச் சொல் பொருந்தாது என்றும் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் 1999-ல் விளக்கினார். ஜார்ஜ் தலைமை என்ற பழைய சொல்லைப் பயன்படுத்தினாலும், அவர் காட்டுவது தந்தையும் தாயும் குட்டிகளும் உள்ள வீட்டைத்தான். அந்த வகையில் கண்ணால் பார்த்தவர், சொல்லைத் தாண்டி எழுதிவிட்டார் என்று நான் மகிழ்ந்ததுண்டு.

விமானத்திலிருந்து ஓநாய்களைச் சுடும் பகுதியும் கற்பனை அல்ல. அந்த வழக்கம் அலாஸ்காவில் பரவலாக இருந்தது. அதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1971-ல்தான் வந்தது. நாவல் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

வடகாற்று எழுதியது:

மேலே இருவரும் நிலத்தைப் பற்றியும் விலங்கைப் பற்றியும் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மாடிநூலகம் அவர்களின் இரண்டாவது கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஓநாய்க்குக் காட்டிய பொறுமையை ஜார்ஜ் அந்த மக்களுக்குக் காட்டவில்லை என்பதே என் நெடுநாளைய மனத்தாங்கல். இந்த நூலை நேசிப்பவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

மியாக்ஸ் சிறுவயதில் வளர்வது தென்மேற்கே பெரிங் கடலில் உள்ள நூனிவாக் தீவில். அது யூப்பிக் மக்களுக்கு நெருங்கிய சூப்பிக் மொழி பேசும் மக்களின் தீவு. பாரோவில் வாழ்பவர்கள் இன்யூப்பியாட் மக்கள். மொழி வேறு, வழக்கங்கள் வேறு, இடையே நெடுந்தொலைவு. நாவலோ எல்லோரையும் 'எஸ்கிமோ' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. அந்தச் சொல்லே பிறர் இட்ட பெயர் என்பதால் இன்று பலர் தவிர்க்கிறார்கள். பதின்மூன்று வயதில் டேனியல் என்பவனுக்கு அவளை மணமுடித்து வைப்பதாக வரும் பகுதியும், உற்றார் உறவினர் சூழ்ந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை கவனிப்பாரற்று நிற்பதும் இன்யூப்பியாட் வாசகர்களை மிகவும் புண்படுத்தியவை. டேனியல் அத்துமீற முயலும் இடம் வேறொரு காரணத்துக்காக அமெரிக்கப் பெற்றோரின் ஆட்சேபத்துக்கும் உள்ளானது. 1990-களில் அங்கே மிகுதியாக எதிர்ப்பைச் சந்தித்த நூல்களில் இதுவும் ஒன்று. பத்து வயதுப் பிள்ளைகளும் இருப்பதால், அந்த இடத்தை 'அவளுக்கு அந்த வீட்டில் பாதுகாப்பு இல்லை' என்ற அளவில் சொல்லிக் கடப்பது நல்லது.

என்னை அதிகம் வருத்துவது முடிவுதான். (கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அமரோக் விமானத்திலிருந்து சுடப்பட்டுச் சாகிறது. தேடி அடைந்த தந்தை கபுகனின் வீட்டில் விமானிக்கான தலைக்கவசம் கிடக்கிறது. வேட்டைக்காரர்களை ஏற்றிச் செல்லும் பிழைப்பு அவருடையது. துணையாக வந்த உப்புக்கொத்திப் பறவையும் குளிரில் இறந்துபோக, ஓநாயின் காலமும் தன் மக்களின் காலமும் முடிந்தன என்று அவள் ஏற்றுக்கொண்டு, தந்தையை நோக்கி நடக்கிறாள். இலக்கியமாக இது நெஞ்சை உலுக்கும் முடிவு. ஆனால் உயிரோடு, தம் வேட்டையோடும் மொழியோடும் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு மக்களைப் பற்றி, அவர்கள் காலம் முடிந்தது என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் எழுதியது நியாயமா?

இதற்கான மறுமொழி அவருடைய சொந்த வீட்டிலிருந்தே வந்தது. மூத்த மகன் கிரெய்க் ஜார்ஜ் 1970-களிலேயே பாரோவில் குடியேறிப் போஹெட் திமிங்கல ஆய்வாளரானார். 1977-ல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம், அந்தத் திமிங்கலங்கள் மிகக் குறைந்துவிட்டன என்று கருதி, இன்யூப்பியாட் மக்களின் வேட்டைக்குத் தடை விதித்தது. வேட்டைக்காரர்களோ, "நீங்கள் கண்ணுக்குத் தெரிவனவற்றை மட்டும் எண்ணுகிறீர்கள், பனிப்பாளத்துக்கு அடியில் செல்பவையும் கரையிலிருந்து எட்டிச் செல்பவையும் உங்கள் கணக்கில் வருவதில்லை" என்றார்கள். அவர்கள் சொல்லை நம்பி, பனி விளிம்பில் காத்திருந்து எண்ணியும், நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கித் திமிங்கலங்களின் குரலைக் கேட்டும் நடத்திய நெடுங்கால ஆய்வில் கிரெய்க் முக்கியப் பங்கு வகித்தார். வேட்டைக்காரர்கள் சொன்னதே சரியாயிற்று. 1977-ல் சில ஆயிரங்கூட இராது என்று அஞ்சப்பட்ட இனம், 2011 கணக்கெடுப்பில் 16,000-க்கு மேல் என மதிப்பிடப்பட்டது. வேட்டையாடப்பட்ட திமிங்கலங்களின் உடலில் முந்தைய நூற்றாண்டின் ஈட்டிமுனைகள் புதைந்திருக்கக் கண்டதும், கண்வில்லையை ஆராய்ந்து சில திமிங்கலங்கள் நூறு ஆண்டுகளைத் தாண்டி வாழ்வதாக 1999-ல் அறிவித்ததும் இதே ஆய்வின் தொடர்ச்சிதான்.

தாயும் மகனைப் பார்க்க அந்த ஊருக்கு மீண்டும் மீண்டும் போனார். அதன் பயனை நூல்களில் காணலாம். 1987-ல் வந்த 'வாட்டர் ஸ்கை' நாவலில், வெளியூரிலிருந்து வரும் சிறுவன் ஒருவன் இன்யூப்பியாட் திமிங்கல வேட்டைக் குழுவில் சேர்ந்து, அவர்களிடம் மாணவனாகக் கற்கிறான். அங்கே யார் காலமும் முடியவில்லை. 1994-ல் வந்த 'ஜூலி', பழைய முடிவை அப்படியே விட்டுவிடாமல், தந்தை வளர்க்கும் கஸ்தூரி எருதுகளுக்கும் மகள் நேசிக்கும் ஓநாய்களுக்கும் இடையிலான சிக்கலாக அதைத் தொடர்கிறது. அவர் 2012-ல் தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தபோது முடியாதிருந்த திமிங்கல நாவலை, மகள் ட்விக்கும் மகன் கிரெய்க்கும் நிறைவுசெய்து 2014-ல் வெளியிட்டார்கள். கிரெய்க் 2023-ல் அலாஸ்காவின் ஆறு ஒன்றில் படகு விபத்தில் இறந்தார் என்ற செய்தி வந்த நாளில் நான் 'வாட்டர் ஸ்கை'யை மறுபடியும் எடுத்து வாசித்தேன்.

ஓடைக்கரை எழுதியது:

வடகாற்று அவர்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பெரும்பாலும் உடன்படுகிறேன். ஜார்ஜ் 1973-ல் இந்த நாவலுக்காக அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றபோது வேறெதையும் எழுதாமல் இருந்திருக்கலாம். மீண்டும் அதே ஊருக்குப் போனதும், அங்கே மாணவியாக உட்கார்ந்ததும் அவருடைய நேர்மைக்குச் சான்று என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நூலைக் கையில் எடுக்கும் பிள்ளை, மற்ற நூல்களையும் தேடி வாசிக்கும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே சொல்பவர் இடையில் நிறுத்தி விளக்குவது அவசியந்தான்.

மாடிநூலகம் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான மறுமொழிகளை எதிர்பார்க்கவில்லை.

வரும் ஞாயிறு இரண்டாம் பாகம் தொடங்குகிறது. நூனிவாக் தீவும் பாரோவும் அதில்தான் வருகின்றன. அலாஸ்கா வரைபடத்தைப் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டி, இரண்டு இடங்களையும் வெவ்வேறு நிறத்தில் குறித்து, இங்கே பேசும் மொழி வேறு, அங்கே பேசும் மொழி வேறு என்று முதலிலேயே சொல்லிவிடப் போகிறேன். பாரோவுக்கு அந்த ஊர் மக்களே 2016-ல் வாக்களித்து உட்கியாக்விக் என்ற தங்கள் பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள் என்று பிறகு அறிந்தேன். வரைபடத்தில் அந்தப் பெயரையே எழுதுகிறேன். டேனியல் வரும் இடத்தை நீங்கள் சொன்னபடியே சுருக்கிக்கொள்வேன். முடிவைச் சொன்னதும், அதை அங்கேயே விட்டுவிடாமல், பனி விளிம்பில் உட்கார்ந்து திமிங்கலம் எண்ணிய மகனின் கதையையும் அதே நாளில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

கேள்வி கேட்ட சிறுமிக்கு மட்டும் நேற்றே பதில் சொல்லிவிட்டேன். அவர் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர் என்றும், ஆனால் ஓநாயிடம் பேசிப் பார்த்தவர் என்றும் சொன்னேன். எப்படிப் பேசினார், முனகிக் காட்டுங்கள் என்று கேட்டு நிற்கிறாள்.

பனித்தடம் எழுதியது:

வாயை மூடிக்கொண்டு, மூக்கின் வழியாக, மெல்லிய குரலில், இழுத்து. உடம்பைத் தாழ்த்திக்கொண்டு செய்ய வேண்டும். நிமிர்ந்து நின்றால் பொருள் மாறிவிடும்.